நாற்காலியிலிருந்து எழுந்து நடக்கச் சொன்னது ஏன்?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் உங்கள் அம்மா விடியற்காலையில் குளியலறைக்குப் போகும் வழியில் விழுந்ததையும், இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் அது உங்களுக்கே தெரிய வந்ததையும் எழுதியிருந்தீர்கள். அதன் பிறகு அரசாங்கக் கிளினிக்கில் நடந்ததுதான் உங்களுக்கு ஆறாத கோபம். “எழுபத்து நாலு வயசு மனுஷி விழுந்துட்டாங்கன்னு கூட்டிட்டுப் போனா எக்ஸ்ரே எடுக்கலை, ஸ்கேன் எடுக்கலை. நாற்காலியில உட்கார வச்சு எழுந்திரிங்கிறாங்க, நடங்கிறாங்க. படுக்க வச்சு பிரஷர் பார்த்துட்டு, மறுபடி நிக்க வச்சுப் பார்க்கிறாங்க. மருந்துப் பையை மேசையில கொட்டிக் கிளறுறாங்க. இதெல்லாம் ஒரு வைத்தியமா டாக்டர்?” என்று கேட்டிருந்தீர்கள்.

வைத்தியம்தான் அம்மா. பினாங்குத் தீவின் கிளினிக்குகளில் பல வருஷம் டாக்டராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த இளம் டாக்டரும் ‘மிஸி’ என்று நாம் கூப்பிடும் தாதியும் செய்த ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. வெளியே நூறு பேர் காத்திருக்கும் இடத்தில் அவ்வளவு நேரம் ஒதுக்கிப் பார்த்தார்கள் என்றால், உங்கள் அம்மாவின் விஷயத்தை அவர்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இதே சந்தேகம் பல வீடுகளில் இருப்பதால் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் எக்ஸ்ரே. அம்மா தன் காலாலேயே கிளினிக்குக்குள் நடந்து வந்தார், இடுப்பை அழுத்தினால் வலிக்கவில்லை, தலையில் அடிபடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இவற்றைக் கேட்டும் தொட்டும் பார்த்த பிறகுதான் டாக்டர் படம் வேண்டாம் என்று முடிவெடுத்திருப்பார். காலை ஊன்ற முடியவில்லை, விழுந்தபோது நினைவு தப்பியது, தலையில் அடிபட்டது என்றால் கதையே வேறு. அதிலும் வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்து சாப்பிடுபவர் தலை இடிபட விழுந்தால், வெளியே காயமே தெரியாவிட்டாலும் கிளினிக்கில் எண் வாங்கிக் காத்திருக்கக் கூடாது. நேரே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் ரத்தம் மெதுவாகக் கசிந்து, நாள்கள் கழித்துக்கூட ஆளைச் சாய்த்துவிடும்.

எலும்பு முறியவில்லை என்று தெரிந்த பிறகு டாக்டருக்கு முன்னால் நிற்கும் கேள்வி, ‘இவர் மறுபடி விழுவாரா?’ என்பது. ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு இரு மடங்கு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். அவர்களில் வயதானவர்களே அதிகம். 65 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வருஷத்தில் ஒரு முறையாவது விழுகிறார். மறுபடி விழுவாரா என்ற கேள்விக்கு எக்ஸ்ரே பதில் சொல்லாது. நாற்காலியும் கடிகாரமும் ரத்த அழுத்தக் கருவியும் மருந்துப் பையும்தான் ஓரளவு சொல்லும்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது கேட்பது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் குடும்ப டாக்டர்களுக்கு வகுத்துக் கொடுத்த முறையில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கடந்த ஒரு வருஷத்தில் விழுந்தீர்களா? நிற்கும்போதோ நடக்கும்போதோ தள்ளாடுகிறதா? விழுந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கிறதா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ வந்தாலும் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். 39 நாடுகளின் 96 நிபுணர்கள் சேர்ந்து 2022-இல் வெளியிட்ட உலக வழிகாட்டி நெறிகளும் இதைத்தான் சொல்கின்றன: வயதானவர் எந்த நோய்க்காக வந்திருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது விழுந்தாரா என்று டாக்டர் தானாகக் கேட்க வேண்டும். அந்த நெறிகளை எழுதியவர்களில் நம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் முதியோர் மருத்துவப் பேராசிரியர் டான் மா பின்னும் ஒருவர்.

கேட்டால் பதில் வர வேண்டுமே! உங்கள் கடிதத்தில் என் மனதை அதிகம் உறுத்தியது, அம்மா இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை என்பதுதான். நம் வீடுகளில் இது சர்வசாதாரணம். சொன்னால் மகள் வேலைக்கு லீவு போட வேண்டி வரும். தண்ணீர்மலைக் கோயிலுக்கு இனிமேல் படியேறக் கூடாது என்பார்கள். அங்கே 513 படிகள். தனியாகச் சந்தைக்குப் போக விடமாட்டார்கள். யாராவது ஒருவர் முதியோர் இல்லம் என்ற பேச்சை எடுப்பார். இத்தனையையும் யோசித்துவிட்டு, முட்டியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார்கள். கிளினிக்கிலும் அப்படித்தான். டாக்டர் மலாயில் ‘விழுந்தீர்களா மக்சிக்?’ என்று கேட்டால், ‘தாக் ஆப்பா, தாக் ஆப்பா’ (பரவாயில்லை) என்று சிரித்துக் கையை ஆட்டிவிடுவார்கள். டாக்டரும் ‘இல்லை’ என்று குறித்துவிடுவார். மலேசியச் சுகாதார அமைச்சு 2018-இல் வயதானவர்களை மட்டும் வைத்து நடத்திய தேசிய ஆய்வில், 60 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குப் 14 பேர் கடந்த ஓராண்டில் விழுந்ததாகச் சொன்னார்கள். உலகக் கணக்கோடு பார்த்தால் இது குறைவு. நம் பெரியவர்கள் மற்ற நாட்டுப் பெரியவர்களைவிட உறுதியாக நிற்கிறார்கள் என்று நான் நம்பவில்லை. சொல்லாமல் விட்டவர்கள் நிறையப் பேர் என்றே நினைக்கிறேன்.

இனி அந்த நாற்காலி. கைப்பிடி உள்ள சாதாரண நாற்காலி, அதிலிருந்து 3 மீட்டர் தள்ளித் தரையில் ஒரு கோடு. எழுந்து, வழக்கமாக நடக்கும் வேகத்தில் கோடு வரை போய், திரும்பி வந்து உட்கார வேண்டும். 1986-இல் மத்தியாஸ், நாயக், ஐசக்ஸ் ஆகிய மூவரும் இந்தச் சோதனையை எழுதி வெளியிட்டபோது கடிகாரம் கிடையாது. பார்ப்பவரின் கண்தான் அளவுகோல். 1991-இல் கனடாவின் போட்சியாட்லோவும் ரிச்சர்ட்சனும் அதற்கு நேரக் கணக்கைச் சேர்த்தார்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருப்பதாக அமெரிக்க முறை எடுத்துக்கொள்கிறது. உலக நெறிகள் 15 விநாடிக்கு மேல் என்கின்றன. 4 மீட்டர் நடக்க 5 விநாடியோ அதற்கு மேலோ பிடித்தாலும் அதே எச்சரிக்கைதான்.

விநாடியை யார் வேண்டுமானாலும் எண்ணலாம். பழகிய டாக்டரும் பிசியோதெரபிஸ்டும் அதற்கு மேலும் பார்க்கிறார்கள். எழும்போது கைப்பிடியை ஊன்றி உந்துகிறாரா, முதல் முயற்சியிலேயே எழுகிறாரா? எழுந்ததும் ஒரு கணம் நின்று கண்ணை மூடித் திறக்கிறாரா? பாதம் தரையை விட்டு எழும்புகிறதா, செருப்பு தேய்கிறதா? நம் அம்மாக்கள் புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி நடப்பார்கள். அந்தக் கை வீசாததால் உடம்பு ஒரு பக்கமாகவே போகும். இன்னொரு கை சுவரைத் தேடும். கோட்டருகில் திரும்பும் இடம்தான் முக்கியம். திடமாக இருப்பவர் இரண்டு மூன்று அடியில் திரும்பிவிடுவார். ஆபத்தில் இருப்பவர் ஆறேழு சின்ன அடி வைத்து நகர்ந்து நகர்ந்து திரும்புவார். நடந்துகொண்டிருக்கும்போதே ‘பேரப்பிள்ளை எத்தனாம் வகுப்பு படிக்கிறான்?’ என்று மிஸி கேட்டால் அது ஊர்ப்பேச்சு அல்ல. பேசுவதற்காக நடையை நிறுத்திவிடுபவர்கள் பின்னாளில் விழும் வாய்ப்பு அதிகம் என்று சுவீடனின் ஊமியோ நகர ஆய்வாளர்கள் 1997-இல் கண்டு எழுதினார்கள்.

கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்றும் பார்த்திருப்பார்கள். உங்கள் அம்மா வயதுப் பெண்ணுக்கு 10-க்குக் குறைந்தால் தொடைத் தசை பலவீனம் என்று பொருள். எட்டுதான் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எட்டு முக்கியமான எண், குறித்து வையுங்கள்.

இந்தச் சோதனைகள் எதுவும் ஜோசியம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாற்காலிச் சோதனையை மட்டும் வைத்து யார் விழுவார், யார் விழமாட்டார் என்று பிரித்துவிட முடியாது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். 9 விநாடியில் நடந்து முடித்துவிட்டு அடுத்த வாரம் விழுந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் டாக்டர் அதோடு நிறுத்தாமல் அம்மாவைப் படுக்க வைத்தார்.

ஐந்து நிமிஷம் படுத்திருந்த பிறகு ஒரு முறை, எழுந்து நின்று ஒரு நிமிஷத்தில் ஒரு முறை, மூன்றாம் நிமிஷத்தில் ஒரு முறை என்று ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், எழுந்து நிற்கும்போது மூளைக்குப் போதிய ரத்தம் போகாமல் இருக்கலாம் என்று அர்த்தம். விடியற்காலையில் மூத்திரம் முட்டிக்கொண்டு சட்டென்று எழுந்து இருட்டில் நடந்தபோது விழுந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி போதும், படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பார்க்க. உட்கார வைத்து மட்டும் எடுத்தால் இந்த வீழ்ச்சி கண்ணில் படாமலே போய்விடும். அவசரத்தில் பல இடங்களில் அப்படித்தான் எடுக்கிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

மருந்துப் பைக்கும் இதற்கும் நேரான தொடர்பு உண்டு. ரத்தக் கொதிப்புக்கான மாத்திரைகள், மூத்திரம் போக வைக்கும் ஃபுருசமைட், ஆண்களுக்குப் புரோஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் பிரசோசின், எல்லாமே நிற்கும்போது அழுத்தத்தை இறக்கக்கூடியவை. இனிப்புநீருக்கான கிளிக்லசைடோ இன்சுலினோ போட்டுக்கொண்டு பசியாறாமல் இருந்தால் சர்க்கரை இறங்கிக் கிறுகிறுப்பு வரும். தூக்க மாத்திரை நடையைக் குலைக்கும். இன்னொன்று, யாரும் மருந்தாகவே நினைக்காதது: சளிக்கும் அரிப்புக்கும் சாப்பிடும் மஞ்சள் மாத்திரை, பிரிட்டன் (Piriton). ‘அதைப் போட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறது’ என்று தினமும் ராத்திரி போடும் பெரியவர்கள் இங்கே ஏராளம். அந்தத் தூக்கம் மறுநாள் காலை வரை உடம்பில் தங்கி நிற்கும். அரசாங்கக் கிளினிக் மருந்து, தனியார் கிளினிக் மருந்து, மருந்துக்கடையில் வாங்கியது, ஊரிலிருந்து உறவினர் கொண்டுவந்த லேகியம் என எல்லாம் ஒரே பையில் இருந்தால்தான் டாக்டருக்கு முழுக் கதையும் தெரியும். கொட்டிக் கிளறியதற்குக் கோபப்படாதீர்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

செருப்பைக் கழற்றச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு ‘தெரிகிறதா?’ என்று கேட்டிருப்பார்கள். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நாட்டில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. பல வருஷ இனிப்புநீரில் பாதத்தின் நரம்பு மரத்துவிடும். தரை ஈரமா, சமமா, செருப்பு காலில் இருக்கிறதா கழன்றுவிட்டதா என்று கால் தகவல் சொல்லாது. மலாயாப் பல்கலைக்கழகம் கிள்ளான் பள்ளத்தாக்கில் 55 வயதைக் கடந்தவர்களிடம் நடத்திவரும் நீண்டகால ஆய்வில், மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடையே விழுந்தவர்கள் அதிகம் என்று கண்டார்கள். நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவர்கள்.

கண்ணைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. கண்புரை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி போட்டிருந்தால் படியிறங்கும்போது கால் வைக்கும் இடம் மங்கலாகத்தான் தெரியும்.

வீட்டுக்கு வருவோம். டாக்டரால் ஒவ்வொரு வீட்டுக்கும் வர முடியாது. நீங்கள்தான் அவருக்குக் கண். குளியலறை வாசலில் நாலு விரல் உயரத்துக்குத் திண்டு இருக்கிறதா? துணி துவைத்த சோப்புத் தண்ணீர் தரையிலேயே நிற்கிறதா? எழும்போது பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி உண்டா? துணி மாட்டும் கம்பி ஆகாது. சுவரில் திருகாணியால் உறுதியாகப் பொருத்திய, ஆள் கனத்தைத் தாங்கும் கம்பி வேண்டும். சாமி மேடைக்கு விளக்கேற்ற அம்மா முக்காலி மேல் ஏறுகிறாரா? இதை நான் கேட்டால் பாதிப் பேர் ‘ஆமாம்’ என்றுதான் சொல்வார்கள். சாமி படத்தைத் தாழ இறக்கி மாட்டுங்கள். வீட்டுக்குள் போடும் சிலிப்பர் தேய்ந்திருந்தால் இன்றே தூக்கி எறியுங்கள்.

வெளியே போனால் ஜோர்ஜ்டவுன் அஞ்சடி, அதாவது கடைவீடுகளின் முன்னால் ஓடும் நடைபாதை. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இந்த நகரத்தின் பெருமைகளில் அதுவும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு கடைவீட்டுக்காரரும் தன் வசதிக்குத் தரையை உயர்த்திக்கொண்டதால் பத்து அடிக்கு ஒரு படி. ஒரு கடை வழுவழு டைல்ஸ், அடுத்த கடை பழைய சிமெண்டு. நடுவில் மோட்டார் சைக்கிளும் சரக்குப் பெட்டியும் நிற்கும். அம்மா லிட்டில் இந்தியாவுக்குப் பூ வாங்கப் போனால் இவற்றைச் சுற்றிச் சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். பாரம்பரியத்தைக் காப்பவர்கள் அந்த அஞ்சடியில் நடக்கும் எழுபது வயதுக்காரர்களையும் காக்க வேண்டும். நகராண்மைக்கு இது எட்ட வேண்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

இவ்வளவு பார்த்தால் அம்மா விழமாட்டாரா என்று கேட்பீர்கள். பார்ப்பதால் மட்டும் யாரும் விழாமல் இருந்துவிடுவதில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் அடிக்கடி விழுந்த, அல்லது விழுந்து அடிபட்ட 65 வயதைக் கடந்த 268 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு உடற்பயிற்சி, வீட்டுச் சீரமைப்பு, மருந்துப் பரிசீலனை, கண், இதயம் என்று ஆளுக்கேற்ற திட்டம். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. 2018-இல் முடிவு வந்தபோது விழுந்த கணக்கில் இரு தரப்புக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2020-இல் வெளியான பெரிய ஆய்விலும் ஏறக்குறைய அதே கதை. இதைப் படித்துச் சோர்ந்துபோன டாக்டர்கள் உண்டு. எனக்கு இதிலிருந்து புரிவது: ஆபத்துகளைக் கண்டுபிடித்துத் தாளில் எழுதுவதும், வீட்டில் நாள் தவறாமல் அதற்கு வேண்டியதைச் செய்வதும் வேறு வேறு வேலைகள். முதல் வேலையைக் கிளினிக் செய்யும். இரண்டாவது பெரும்பாலும் வீட்டின் கையில்.

அந்த இரண்டாவதில் உறுதியான பலன் காட்டியிருப்பது உடற்பயிற்சி. 108 ஆய்வுகளைச் சேர்த்து 2019-இல் வெளிவந்த கொக்ரேன் தொகுப்பு, சமநிலைக்கும் அன்றாட அசைவுகளுக்கும் பயிற்சி செய்யும் வயதானவர்கள் விழுவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று காட்டியது. தாவரவியல் பூங்காவில் விடிந்ததும் சீனத் தாத்தா பாட்டிமார் கூட்டமாகத் தாய்ச்சி செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் நல்ல ஆதாரம் உண்டு. நம் அம்மாக்கள் கோயிலை மூன்று சுற்று வருவதே போதும் என்பார்கள். நடப்பது நல்லதுதான், ஆனால் நடை மட்டும் சமநிலையைக் கொடுக்காது. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கட்டும். ஒரு காலில் நிற்கப் பழகட்டும். பக்கவாட்டில் அடியெடுத்து வைக்கட்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காரட்டும். வாரத்தில் மூன்று நாளாவது. முதலில் பிசியோதெரபிஸ்டிடம் காட்டிக் கற்றுக்கொண்டு செய்ய வேண்டும். ஆரம்பத்தில் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். கிளினிக்குகளில் ‘கெலாப் வார்கா எமாஸ்’ என்ற முதியோர் மன்றம் இருக்கிறது. அங்கே கூட்டாளிகளோடு செய்தால் விடாமல் செய்வார்கள். விழுந்தால் எப்படி எழுவது என்பதையும் பிசியோவிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளட்டும். எழ முடியாமல் தரையில் மணிக்கணக்காகக் கிடப்பது, விழுந்த அடியைவிடப் பல சமயம் மோசம்.

அடுத்த தேதிக்கு அம்மாவைத் தவறாமல் கூட்டிப் போங்கள். இந்த முறை நீங்களே ஆரம்பியுங்கள்: எப்போது விழுந்தார், என்ன செய்துகொண்டிருந்தபோது, விழுமுன் கிறுகிறுத்ததா, தானாக எழுந்தாரா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். டாக்டர் மலாயில் கேட்பதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லுங்கள், ஆனால் பதிலை அம்மாவே சொல்லட்டும்; நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். படுக்க வைத்து நிற்க வைத்து ரத்த அழுத்தம் பார்க்காவிட்டால், ‘அதையும் ஒரு தடவை பாருங்கள் டாக்டர்’ என்று மரியாதையாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. மூன்று மாதம் பயிற்சி செய்த பிறகு அந்த எட்டு என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இனி எப்போது விழுந்தாலும் அன்றைக்கே சொல்லலாம், சொன்னால் திட்டமாட்டேன், கோயிலுக்குப் போவதைத் தடுக்கமாட்டேன் என்று இன்று இரவே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கிளினிக் டாக்டர்,
ஜோர்ஜ்டவுன், பினாங்கு